யார் இழுத்த புகை

இர்பித்
12 செப்டம்பர் 2022

என் கண்ணான குதைபாவுக்கு,

உன் மேல் சாந்தி உண்டாகட்டும். உன் சின்ன அத்தை மகன் ஸைஃப் தவ்ஜீஹிப் பள்ளியிறுதிப் பரீட்சையில் தொண்ணூற்று நான்கு புள்ளி ஆறு வாங்கிவிட்டான். தெருவில் வெடி போட்ட சத்தம் எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள். அவன் அண்ணன் யஸன் மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்கிறான். என் மாத்திரைச் சீட்டை அவன்தான் படித்துக் காட்டினான், எல்லாம் புரிந்ததுபோல் நான் தலையாட்டினேன். பெரியப்பா மகள் தீமா அம்மானில் வங்கியில் சேர்ந்துவிட்டாள், சொந்தமாகக் கார் ஓட்டுகிறாள், கண்ணாடியை இறக்காமலே கையசைக்கிறாள். உன் தங்கை ரஹஃப் நர்ஸிங் இரண்டாம் வருடத்தில் முதல் ஆள்.

நீயும் உண்டு இந்த வரிசையில். என் குதைபா குவைத்தில் ஒரு கடையைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறான் என்று பக்கத்து வீட்டு ஜிரிஸின் அம்மா உம் ஜிரிஸிடம் சொன்னேன். என்ன கடை என்று கேட்டாள். மின்சாரப் பொருள் என்றேன். பொய்யில்லையே, சார்ஜ் போடுகிறோமே.

போனில் உன் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் கேட்கிறது, அதனால்தான் கடிதம். ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் போன கை இன்னும் எழுதும். அபூ ஷாஹிரின் வேன் மாதம் ஒருமுறை குவைத்துக்கு வருகிறது. நான் ஜைத்தூன் காயை ஜாடியிலும் ஸஅதர் பொடியைப் பையிலும் கட்டிக் கொடுக்கிறேன், கடிதத்தையும் சேர்த்துக் கட்டிவிடுகிறேன்.

டாக்டர் என் ஹுக்காவை நிறுத்தச் சொன்னார் என்று ரஹஃப் உன்னிடம் சொன்னதும் நீ உன் கடையிலிருந்து வேப் என்கிற மின்சாரச் சிகரெட் ஒன்று அனுப்பினாயே, வந்து சேர்ந்தது. இளஞ்சிவப்பு நிறத்தில் பொம்மைபோல் இருக்கிறது. மாம்பழமும் ஐஸுமாம். நான் என்ன ஆறு வயதுக் குழந்தையா? ஐந்து நாளில் விளக்கு மின்னிச் செத்துப்போயிற்று. குப்பையில் போட மனம் வரவில்லை, தையல் டப்பாவில் வைத்திருக்கிறேன். இதுவும் உடம்புக்கு நல்லதல்ல என்றுதான் டாக்டர் சொல்கிறார். ஆனாலும் நாற்பது வருடப் பழக்கத்தை ஒரே நாளில் விடு என்றால் யாரால் முடியும்?

உன் அப்பா நலம். இருமல் மட்டும் உண்டு. இரண்டு பாக்கெட் சிகரெட் பிடிக்கிறவனுக்கு வேறென்ன இருக்கும். உன்னைப் பற்றிக் கேட்பதில்லை. மூன்று வருடமாகக் கேட்பதில்லை, நானும் சொல்வதை நிறுத்தவில்லை. வருகிற நோன்புப் பெருநாளுக்கு நீ வந்து இந்தக் கூடத்தில் அவனோடு ஒரே தாம்பாளத்தில் சாப்பிட வேண்டும். என் ஆசை அது ஒன்றுதான். சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

உன் பாட்டி
நாஜியா


குவைத்
9 அக்டோபர் 2022

பாட்டிக்கு,

உங்கள் இரண்டு கைகளுக்கும் முத்தம். நான் சுகம், வயிறு சுகம், தோல் கருத்துவிட்டது. உங்கள் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? ஜைத்தூன் ஜாடி உடையாமல் வந்தது. கடையில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரே நாளில் தீர்த்துவிட்டார்கள்.

ஸைஃபுக்கும் யஸனுக்கும் வாழ்த்துச் சொல்லுங்கள். பொறியியலை மூன்றாம் வருடத்தில் விட்டவனை மட்டும் அந்த வரிசையில் நிறுத்த வேண்டாம். அப்பா கார் சீட்டுத் தைக்கும் பட்டறைத் தெருவில் எல்லோரும் அவரை ‘என்ஜினியரோட வாப்பா’ என்று கூப்பிட்டு, பிறகு கூப்பிடாமல் விட்டதும் எனக்குத் தெரியும். அன்று வாசலில் நின்று அவர் சொன்னதும் மறக்கவில்லை. ‘புகை விக்கிறதுக்குத்தான் ஒன்னை வளத்தேனா, போ.’ அவராகக் கூப்பிடாமல் நான் வரமாட்டேன் பாட்டி. இதை இன்னொரு முறை என்னை எழுத வைக்காதீர்கள்.

இப்போது வேலைப் பேச்சு. கடைக்கு வயதானவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இளவட்டங்களின் ருசிதான். இந்த ஒரு வருடம் நான் ஒவ்வொன்றாக அனுப்புகிறேன், நீங்கள் பிடித்துப் பார்த்து எது நல்லது, எது தொல்லை என்று எழுதுங்கள். கடையில் உங்கள் பேச்சைத்தான் நம்பி விற்பேன்.

இந்தத் தடவை பேனா வகை. கூடவே இரண்டு ஆப்பிள் மணமுள்ள திரவம், உங்கள் ஹுக்காவில் வருமே அதே சோம்பு வாசனை. உள்ளே காயில் என்று ஒரு சின்ன உலோகக் குப்பி இருக்கும். அதற்குள் பஞ்சும் கம்பிச் சுருளும். புதுக் காயில் போட்டுத் திரவம் ஊற்றியதும் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். ஊறாத பஞ்சை இழுத்தால் கருகிவிடும், தொண்டையில் முடி கருகின நாற்றம் வரும். மாத்திரை வேளை தப்பாமல் போடுங்கள்.

உங்கள்
குதைபா


இர்பித்
20 நவம்பர் 2022

என் உயிரே குதைபா,

சாந்தியும் இறைவன் கருணையும் உனக்கு. எனக்கு முழங்கால் வலி தவிர ஒன்றுமில்லை. ஜைத்தூன் பறித்து ஆட்டியாயிற்று, உனக்குப் பங்கு எண்ணெய் எடுத்து வைத்திருக்கிறேன்.

பேனா வேப் என் கைக்குப் பொருந்துகிறது. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டேன். உம் ஜிரிஸ் பார்த்துவிட்டு, உன் பெரியப்பா பெயரால் என்னைக் கூப்பிட்டு, “என்ன உம் நவாஃப், அஞ்சாங்கிளாஸ்ல விட்ட பரீட்சைய இப்ப எழுதப் போறியா, பேனாவக் கட்டிக்கிட்டுத் திரியிற” என்றாள். நான் அவள் முகத்தில் இரண்டு ஆப்பிளை ஊதினேன். அவளுக்கு வாசனை பிடித்துப்போயிற்று, ஆனால் சொல்லவில்லை.

ஒரு குறை எழுதச் சொன்னாயே. ஹுக்கா என்றால் குழாய் கைமாறும். வாய்முனையை அடுத்தவள் பக்கம் நீட்டாமல் மடித்து நம் பக்கம் திருப்பிக் கொடுப்போம், வாங்குகிறவள் நம் புறங்கையைத் தட்டுவாள். இதில் கைமாற்ற என்ன இருக்கிறது. அவள் வருகிறாள், உட்காருகிறாள், நான் ஊதுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போகிறாள். என் புறங்கையை யாரும் தட்டி மூன்று மாதம் ஆகிறது. இதற்கு உங்கள் கடையில் மருந்து இருக்காது, தெரியும்.

அடுத்த முறை அனுப்பும்போது இன்னும் கொஞ்சம் காரமான திரவம் அனுப்பு. இனிப்பே கூடாது. பழம், பூ, ஐஸ் ஒன்றும் வேண்டாம், வெறும் புகையிலை ருசி போதும். காயிலும் நாலைந்து அதிகமாக வை, சீக்கிரம் கருகிவிடுகிறது.

உன் அப்பா நலம். இருமல் கொஞ்சம் பரவாயில்லை. குளிருக்கு உள்ளே கம்பளிப் பனியன் போட்டுக்கொள்.

பாட்டி நாஜியா


குவைத்
18 டிசம்பர் 2022

பாட்டிக்கு,

கைகளுக்கு முத்தம். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா? இங்கே மழை பெய்து தெருவெல்லாம் குளமாக நிற்கிறது, நான் நலம்.

உங்கள் கடிதத்தை முதலாளிக்குப் படித்துக் காட்டினேன், பரீட்சைப் பேனா என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. நாற்பது வருடம் இரண்டு ஆப்பிள் தவிர வேறு வாசனையை வீட்டுக்குள் விடாதவர் நீங்கள். திடீரென்று வெறும் புகையிலை கேட்கிறீர்கள். நீங்கள் இழுக்கிற நிதானத்துக்கு ஒரு காயில் இருபது நாள் வர வேண்டும். நான் வைத்த நாலு எப்படிப் போதாமல் போகும்? சரக்கு மோசமா, அல்லது ஊறவிடாமல் இழுக்கிறீர்களா?

கருகின காயில்களைத் தூக்கிப் போடாதீர்கள். அபூ ஷாஹிரிடம் கொடுத்து அனுப்புங்கள், நான் பிரித்துப் பார்க்கிறேன்.

இந்த முறை பெரிய பெட்டி வகை. இரட்டை பேட்டரி, சின்னத் திரை. புகை மேகம்போல் வரும். கேட்ட புகையிலைத் திரவமும் வைத்திருக்கிறேன். நெஞ்சு படபடத்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

குதைபா


இர்பித்
22 ஜனவரி 2023

என் செல்லக் குதைபா,

உனக்குச் சாந்தி. இங்கே பனி கொட்டி மூன்று நாள் கதவு திறக்கவில்லை. அடுப்பின் மேல் கஷ்கொட்டை சுட்டோம். நீ இருந்தால் தோல் உரிக்காமலே தின்பாய். ரஹஃப் அரையாண்டிலும் முதலாவது.

பெட்டி வேப் பற்றி எழுதுகிறேன், கடையில் சொல். கனம். கல்லைக் கட்டிக்கொண்டதுபோல் இருக்கிறது. சட்டைப்பையில் போட்டால் பை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்குகிறது, குனிந்தால் கீழே விழுகிறது. புகை அளவுக்கு மீறி வருகிறது, எதிரில் இருக்கிற சாமான் தெரியவில்லை. ஐந்து தடவை பொத்தானை அழுத்தினால்தான் உயிர் வரும் என்பதும் தொல்லை, கையில் பசை இருந்தால் பொத்தான் ஒட்டிக்கொண்டுவிடும். பேனாவே மேல். அதிலும் இழுப்பு இன்னும் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் சிகரெட் போலவே இருக்கும்.

கருகின காயில் ஏழு. மாத்திரை டப்பாவில் போட்டு, பஞ்சு வைத்து, நூலால் கட்டி அனுப்பியிருக்கிறேன். நன்றாகப் பார்.

உன் அப்பா நலம். போன வாரம் மாடிப்படி ஏறி வந்து நின்று மூச்சு வாங்காமல் பேசினான். பெருநாளுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது கண்ணே. முதுகைக் குளிர் படாமல் வைத்துக்கொள்.

பாட்டி நாஜியா


குவைத்
19 பிப்ரவரி 2023

பாட்டிக்கு,

கைகளுக்கு முத்தம். உடம்பு எப்படி?

காயில் ஏழையும் பிரித்துப் பார்த்தேன். கடையில் எங்களுக்கு இது தினமும் உள்ள வேலை. வாடிக்கையாளர் வந்து சரக்கு சரியில்லை என்று சத்தம் போடுவார். நாங்கள் வாதம் செய்வதில்லை, பழைய காயிலைக் கேட்டு வாங்கி விளக்கடியில் பிரிப்போம். நிதானமாக இழுப்பவரின் பஞ்சு ஓரத்திலிருந்து மெதுவாகப் பழுப்பாகும். சிகரெட் பிடித்துப் பழகியவர் ஊறும்வரை பொறுக்கமாட்டார், சின்னச் சின்னதாக, வேகவேகமாக இழுப்பார். அவருடைய பஞ்சு நட்ட நடுவில் மட்டும் கரியாகியிருக்கும்.

நீங்கள் அனுப்பிய ஏழில் ஒன்றுதான் ஓரம் பழுப்பானது. ஆறு நடுவில் கரிந்தவை.

பாட்டி, அந்த ஆறும் உங்கள் இழுப்பு இல்லை.

காற்றுத் துவாரத்தில் மஞ்சள் ஸ்பஞ்சுத் தூள் அடைத்திருக்கிறது. ஒன்றில் கருஞ்சிவப்பு நூல் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது, கார் சீட்டுத் தைக்கிற மெழுகு நூல். உங்களுக்குச் சட்டைப்பை கிடையாது. உங்கள் கையில் பசை இருக்காது.

ஒரு பழைய சீட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இதில் உட்கார்ந்தவன் கதவுப் பக்கம் சாய்ந்து ஓட்டுகிறவன், அவனுக்கு இடுப்பு வலி இருக்கிறது என்று சொல்கிற ஒருவரிடம்தான் நான் சிறு வயதில் பட்டறையில் நின்றேன். உங்களுக்கும் தெரியும்.

யார் என்று நீங்கள் எழுதினால்தான் அடுத்ததை அனுப்புவேன்.

குதைபா


இர்பித்
26 மார்ச் 2023

என் குதைபா,

உன் மேல் சாந்தி. நோன்பு தொடங்கிவிட்டது, ஏற்கப்பட்ட நோன்பாக உனக்கு அமையட்டும். நோன்பு திறக்கத் தனியாக உட்காராதே, யாரோடாவது உட்கார்.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம், உன் அப்பாதான்.

நீ பேனா அனுப்பிய மாதமே. நான் சோபாக் கையில் வைத்துவிட்டுத் தொழப் போயிருந்தேன். எடுத்துப் பார்த்து, இதென்ன பிள்ளைகள் ஊதுகிற விசிலா என்று கேட்டான். சும்மா ஒரு இழு இழுத்துவிட்டு இருமினான். மறுநாள் பட்டறைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, உம்மா அந்த விசில் எங்கே என்றான். நான் எடுத்துக் கொடுத்தேன். எங்கிருந்து வந்தது என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் சிகரெட் பாக்கெட் ஒன்றாயிற்று. டிசம்பரில் அதுவும் நின்றது. ஐம்பத்தாறு வயதில், பட்டறையில் ஒருவருக்கும் தெரியாமல் ஸ்பஞ்சு மூட்டைக்குப் பின்னால் போய் நின்று விசில் பிடிக்கிறான் உன் அப்பா. எதிர்க்கடை வெல்டிங்காரன், மூட்டையில் தீப்பிடித்துவிட்டது என்று வாளியில் தண்ணீர் கொண்டு ஓடிவந்திருக்கிறான்.

பிறகு ஒருநாள் என்னிடம் வந்து, “நான் இதப் புடிக்கிறேன்னு ஒன் பேரன்கிட்ட மட்டும் எழுதிடாத உம்மா. எழுதுனா அன்னைக்கே கிணத்துல வீசிருவேன்” என்றான். நான் குர்ஆன் மேல் கைவைத்து எழுதமாட்டேன் என்று சொன்னேன். எழுதவும் இல்லை, நீயாகக் கண்டுபிடித்துக் கேட்கும்வரை. காயிலை அனுப்பமாட்டேன் என்று நான் யாருக்கும் சத்தியம் செய்யவில்லை. ஐந்தாம் வகுப்பென்றாலும் எனக்கும் கொஞ்சம் கணக்கு வரும்.

வேன் வருகிற நாளில் அவன் சீக்கிரம் வந்துவிடுவான். வாசலில் உட்கார்ந்து அரைமணி நேரமாக ஒரே செருப்பைத் துடைப்பான். அந்த ஊறவைக்கிற விஷயத்தை மட்டும் படி என்பான். நான் மேலிருந்து கீழ்வரை சத்தமாகப் படிப்பேன், நிறுத்து என்று ஒருதரம் சொன்னதில்லை. அவராகக் கூப்பிடாமல் வரமாட்டேன் என்று நீ எழுதியதையும் படித்தேன். செருப்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனான். அன்று நான் சுட்ட கோழி மக்மூராவில் பாதியை அப்படியே விட்டுவிட்டான், அவனுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும்.

வருடா வருடம் நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்துக்கு அடுத்து அவன் வாய்க்குப் போவது சிகரெட். இந்த வருடம் சூப் குடித்தான்.

பெருநாளுக்கு வந்துவிடு. கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை, நான் கூப்பிடுகிறேன். என் அழைப்பு போதாதா?

பாட்டி நாஜியா


இர்பித்
14 மே 2023

குதைபாவுக்கு,

சாந்தி உண்டாகட்டும். இரண்டு வேன் வந்துவிட்டது, உன் கடிதம் வரவில்லை. அபூ ஷாஹிரை நிறுத்தி விசாரித்தேன். கடையில் பார்த்ததாகவும் நீ நன்றாக இருப்பதாகவும் சொன்னார். கொஞ்சம் மெலிந்திருப்பதாகவும் சொன்னார், அதை ஏன் சொன்னார் என்று இருக்கிறது.

பெருநாள் போய்விட்டது. பேரீச்சம்பழ மஅமூல் நூற்றிருபது சுட்டேன், ஸைஃப் மட்டுமே முப்பது தின்றான். தாம்பாளத்தில் உனக்கான இடத்தில் யாரையும் உட்கார விடவில்லை. உன் அப்பா காலையிலிருந்து வாசல் கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கீல் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. தெருவில் கார் வந்தால் எண்ணெய்க் குப்பியோடு நிமிர்வான். மாலையில் உள்ளே வந்து கை கழுவினான்.

வேப் எதுவும் அனுப்ப வேண்டாம். காயிலும் வேண்டாம், இருப்பதைக் கழுவிக் காயவைத்து ஓட்டுகிறோம். நீ நலம் என்று இரண்டு வரி எழுது. ஒரு வரியானாலும் போதும்.

பாட்டி


குவைத்
9 ஜூலை 2023

பாட்டிக்கு,

உங்கள் கைகளுக்கும் நெற்றிக்கும் முத்தம். என்னை மன்னியுங்கள். நான் நலம், மெலியவில்லை, முடி வெட்டியதில் அபூ ஷாஹிருக்கு அப்படித் தெரிந்திருக்கும்.

மார்ச் கடிதத்துக்குப் பதில் எழுத நாலு முறை உட்கார்ந்தேன். நாலு முறையும் சலாமுக்குமேல் நகரவில்லை.

பெருநாளுக்கு முந்தின நாள் பட்டறையில் கூட்டம் நெரியும் என்று எனக்குத் தெரியும், ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் சீட்டு உறை மாற்றுவார்கள். அன்று கடைப் போனிலிருந்து பட்டறை எண்ணுக்குப் போட்டேன். அவரே எடுத்தார். ஹலோ என்றார். பின்னால் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி ஹலோ என்றார். யாரிடமோ மிஷினை நிறுத்தச் சொன்னார். மூன்றாவது முறையும் ஹலோ என்றார். நான் அவருடைய இருமலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் தெருமுனையிலேயே அந்த இருமலைக் கேட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்வேனே. அரை நிமிடம் இருக்கும். மூச்சு மட்டும் கேட்டது, சுத்தமான மூச்சு. இருமவே இல்லை. வைத்துவிட்டேன். அப்புறம் கடைக் கண்ணாடி முழுவதையும் துடைத்தேன், துடைத்ததையே திரும்பத் துடைத்தேன்.

உங்களுக்குப் புதுப் பேனா ஒன்று, இரண்டு ஆப்பிளோடு. இன்னொன்று தனியாகக் கருப்பு உறையில் இருக்கிறது. யாருக்கு என்று மேலே எழுதவில்லை. பொத்தான் இல்லை, இழுத்தாலே வேலை செய்யும். சட்டைப்பையில் பென்சிலைவிடக் கனமாக இருக்காது. உடம்பு ரப்பர், பசை பட்டால் துடைத்துவிடலாம். சார்ஜ் துவாரத்துக்கு மூடி இருக்கிறது, ஸ்பஞ்சுத் தூள் போகாது. காற்றுவழியைச் சிகரெட் இழுப்புக்கு இறுக்கிவைத்திருக்கிறேன், யாரும் திருக வேண்டாம். காயில்கள் எல்லாவற்றையும் நானே ஊறவைத்து மூடி அனுப்பியிருக்கிறேன், பொறுமையில்லாதவர்களுக்காக.

திரவத்தில் நிக்கோட்டினைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன். அடுத்த தடவை அதிலும் பாதி. இதை மட்டும் சத்தமாகப் படிக்காதீர்கள்.

இந்த வருடம் எனக்கு விடுமுறை இல்லை. கேட்டுப் பார்த்தேன், அடுத்த பெருநாளுக்குப் பார்க்கலாம் என்கிறார் முதலாளி. மறுபடியும் கேட்பேன்.

உங்கள்
குதைபா


இர்பித்
17 செப்டம்பர் 2023

என் கண்ணே, எனக்குப் பின்னும் வாழ்ந்து என்னை மண்ணில் வைக்கப்போகிறவனே,

சாந்தியும் அருளும் உன்மேல் பொழியட்டும். என் இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறதென்று யஸன் சொல்கிறான். ரஹஃப் மூன்றாம் வருடத்துக்குப் போய்விட்டாள். ஸைஃப் பல்கலைக்கழகத்தில் கணக்கில் தோற்றுவிட்டான், அதை நான் யாரிடமும் சொல்வதில்லை.

ஒரு வருடம் முடிந்துவிட்டது, கடைக்கு என் தீர்ப்பை எழுதிக்கொள். பொம்மை வேப் யாருக்கும் வேண்டாம். பெட்டி வேப்பை உம் ஜிரிஸ் தன் மருமகளைப் பயமுறுத்தக் கேட்டாள், கொடுத்துவிட்டேன். கிழவிகளுக்குப் பேனா, கழுத்துக் கயிறோடு விற்க வேண்டும், கயிறு முக்கியம். கருப்பு உறையில் வந்ததுதான் எல்லாவற்றிலும் உயர்ந்தது. இது என் கருத்தல்ல. இந்த வீட்டில் வேறொருவர் நாற்பது நாளாக அதைக் கீழே வைக்கவில்லை. தலையணைக்கு அடியில்கூட அதுதான். கைத்தையலில் அதற்கொரு தோலுறை செய்திருக்கிறார், உன் கம்பெனிக்காரன் பார்த்தால் வெட்கப்படுவான்.

நிக்கோட்டின் குறைத்ததைச் சத்தமாகப் படிக்காதே என்று எழுதினாய். படிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவனே வந்து, காரம் குறைந்திருக்கிறதே, உன் பேரன் தண்ணீர் கலக்குகிறானா என்று கேட்டான். தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் அதையே உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கலக்கட்டும் என்றான்.

அந்தப் போன் விஷயத்தைப் படித்தேன் கண்ணே. விட்டுவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை, மூன்று ஹலோவையும் படித்தேன். அவன் செருப்புத் துடைப்பதை நிறுத்தினான். நீ எழுதியதை எல்லாம் கேட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னான்.

“யாருன்னு தெரியாமயா உம்மா மிஷின நிறுத்தச் சொன்னேன்?”

அவ்வளவுதான் சொன்னான். உள்ளே போய்விட்டான். உன் பேரன் என்று சொல்லவில்லை, என் மகன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்டு வாங்கவில்லை. எழுபத்தெட்டு வயதில் எனக்கு எதற்குப் பொறுமை கற்றுத்தர வேண்டும், ஆனாலும் அன்று நான் வாயை மூடிக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த பெருநாள் என்றால் இன்னும் ஏழு மாதம். உன் முதலாளியிடம் கேள், சும்மா கேட்டுக்கொண்டே இரு.

அதுவரை இன்னொன்று வேண்டும். வீட்டில் இருக்கிற உன் போட்டோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அன்று எடுத்தது, அதில் உனக்கு மீசை அரும்பவே இல்லை. ரஹஃப் போனில் உன் பெயரைத் தொட்டால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகைமூட்டப் படம்தான் இருக்கிறது. அதனால் நல்ல ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்து ஒரு போட்டோ எடு. காகிதப் போட்டோ. காது இரண்டும் தெரிய வேண்டும். சுவரில் மாட்டுகிற அளவு வேண்டாம். ஆண்களுடைய மணிபர்ஸில் கண்ணாடித்தாள் போட்ட அறை ஒன்று இருக்குமே, அதில் மடிக்காமல் நுழைகிற அளவு. தவறக்கூடாது என்று அளவுக்கு ஒரு ரெக்ஸின் துண்டு வெட்டி இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறது, பார். நாலு ஓரமும் எவ்வளவு நேராக இருக்கிறது. என் கத்தரிக்கோலுக்கு அப்படி வெட்ட வராது.

அபூ ஷாஹிரின் வேன் வர இன்னும் ஒரு மாதம் ஆகும். அவ்வளவு நாள் இங்கே யாருக்கும் பொறுக்காது மகனே. போட்டோவைத் தபாலில் போடு.

உன் பாட்டி
நாஜியா